தூணுக்குள் போன குழாய்

1. விரிசல்

போன வருஷம் ஜூலையில், மழை நாலு நாளாக விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில் மிருணாளிடமிருந்து போன் வந்தது. நான் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்த ஆர்க்கிடெக்ட் ஆபீஸை இப்போது நடத்துகிறவள் அவள்தான். அதை ஆரம்பித்த லிமயே சாரின் மகள். கவுன் போட்டுக்கொண்டு டிராயிங் போர்டுக்கு அடியில் விளையாடிய நாளிலிருந்து என்னை ‘மணி காகா’ என்றுதான் கூப்பிடுவாள். காகா என்றால் மராட்டியில் சித்தப்பா.

“காகா, லேடீஸ் ஹாஸ்டல்ல ஒரு தூண் பிளந்துடுச்சு. கான்கிரீட் சில்லு சில்லா விழுது, உள்ள கம்பி தெரியுது. பொண்ணுங்களை எல்லாம் வெளியேத்திட்டாங்க. ஆபீஸ்ல அந்தக் கட்டடத்துல வேலை பார்த்தவங்க இப்போ நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. நீங்க வரணும்” என்றாள். அவள் பேசியது மராட்டியில். இந்தக் குறிப்பில் வருகிற பேச்செல்லாம் அப்படித்தான், தமிழில் எழுதுவது நான்.

எந்தத் தூண் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கட்டடத்தில் எட்டுத் தூண்களுக்குள் மழைத்தண்ணீர்க் குழாய் போகிறது. அந்த எட்டில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று தெரியும். குழாயை உள்ளே வைத்தவன் நான். வைக்கக்கூடாது என்று ஒருவர் சொன்னதும் எனக்குத் தெரியும். அவர் சொன்னதை நான் என்ன செய்தேன் என்பது இத்தனை வருஷமாக என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

தமிழ்நாட்டிலிருந்து இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என் மகனுக்குத் தமிழ் படிக்க வரும், ஆனால் இங்கே புனேயில் ஹிஞ்சேவாடி டிராபிக்கில் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவன் நாள் முடிந்துவிடும். பேத்திக்குப் பேச மட்டும்தான் வரும். வீட்டில் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை என்பதும் ஒரு தைரியம்.

2. வெள்ளை அடிக்காத ஆபீஸ்

நான் திருச்சியில் டிப்ளமா முடித்தவன். கட்கி பாக்டரியில் வேலை பார்த்த அத்தான் “இங்க வா, ஏதாவது பார்ப்போம்” என்று எழுதியதால் புனே வந்தேன். சாப்பாடு அக்கா வீட்டில். மராட்டி ஒரு வார்த்தை தெரியாது. லிமயே சாரின் ஆபீஸ் அவர் வீட்டுக் கார் ஷெட்டில் நடந்துகொண்டிருந்தது. நாலு டிராயிங் போர்டு, ஒரு அமோனியா பிரிண்ட் மெஷின். மெஷின் ஓடினால் எல்லோருக்கும் கண்ணெரியும்.

முதல் நாள் சார் என் சர்டிபிகேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மராட்டியில் எழுதிய ஒரு தாளைக் கொடுத்து, டிரேசிங் பேப்பரில் அதைப் பார்த்து எழுதச் சொன்னார். எனக்கு அது வெறும் கோடும் சுழியும்தான். ஆனாலும் எழுதினேன். “படிக்கத் தெரியாத எழுத்தை அச்சு மாதிரி எழுதுறானே” என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். வேலை கிடைத்துவிட்டது. எனக்குக் கை நன்றாக வரும். அதை நினைத்து எத்தனையோ நாள் பெருமைப்பட்டிருக்கிறேன்.

சார் வெளிநாட்டில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கட்டடத்துக்குப் பவுடர் பூசக்கூடாது என்பது அவர் கட்சி. கல் என்றால் கல்லாகத் தெரிய வேண்டும், கான்கிரீட் என்றால் கான்கிரீட்டாகத் தெரிய வேண்டும். பூச்சு கிடையாது, பெயிண்ட் கிடையாது. கான்கிரீட் ஊற்ற அடிக்கிற ஷட்டரிங் பலகை எங்கே சேர வேண்டும், ஆணி எங்கே வர வேண்டும் என்பதற்கெல்லாம் தனி டிராயிங் போடுவோம். பலகையின் மரக்கோடு கான்கிரீட்டில் அப்படியே பதிந்து நிற்கும். சுவருக்கு இந்த ஊர்க் கருங்கல், தரைக்குக் கோட்டா கல். ஒரு வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு வந்த பெரியவர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, பூச்சு வேலைக்குப் பணம் பற்றாமல் போய்விட்டதா என்று அனுதாபமாகக் கேட்டார். எங்கள் ஆபீஸை நம்பினால் வெள்ளை அடிக்கிறவன் பட்டினிதான் என்று நாங்களே சொல்லிச் சிரிப்போம்.

சாருக்குத் தலைக்கனம் என்று ஊரில் பேச்சு உண்டு. கிளையண்டிடம் உண்டுதான். ஒரு கோடு அரை இஞ்ச் நகர்ந்தால் கிளையண்டையே மாற்றிக்கொள்ளலாமா என்று பார்ப்பார். ஆனால் கையால் வேலை செய்கிறவர்களிடம் அவர் வேறு மனிதர்.

3. ஹோகார் கட்டம்

எல்லா ஆபீஸ் டிராயிங்கிலும் கீழே வலது மூலையில் மூன்று கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர். எங்கள் டிராயிங்கில் நாலாவதாக ஒரு கட்டம் உண்டு. அதன் பெயர் ஹோகார். மராட்டியில் சம்மதம் என்று அர்த்தம். அந்த வேலையைக் கையால் செய்யப்போகிற தச்சரோ, கொத்தனாரோ, பிளம்பரோ அதில் கையெழுத்துப் போட வேண்டும். டிராயிங்கை அவர் முன்னால் விரித்து, அவருக்குப் புரிகிற பாஷையில் விளக்கிச் சொல்ல வேண்டும். முடியும் என்றால் ‘ஹோ’ என்று எழுதிக் கையெழுத்து. முடியாது என்றால் ‘நஹி’ என்று எழுதிக் காரணம். நஹி வந்தால் டிராயிங் சாரிடம் திரும்பிப் போகும். அவர் மாற்றுவார், அல்லது நேரில் போய் உட்கார்ந்து பேசுவார். நஹியைத் தாண்டி ஒரு வேலையும் நடக்காது.

பி.ஆர்க் படித்துவிட்டு வந்த ஜூனியர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். ஒரு தடவை ஆறடி அகலக் கதவு ஒன்றைத் தச்சர் பார்த்துவிட்டு, “போட்டுரலாம் சாஹேப், மழைக்கு ஊதிக்கும், அப்புறம் திறக்க ஆனை கொண்டுவரணும்” என்றார். ஒரு வாரத்து வேலை போச்சு. சார் சந்தோஷமாக வேறு கதவு வரைந்தார். “நான் கையெழுத்துப் போடாட்டியும் கட்டடம் நிக்கும். அவன் போடாட்டி நிக்காது” என்று எங்களிடம் சொல்வார்.

பிளம்பர் தத்தோபா சாரின் முதல் வீட்டிலிருந்து கூடவே இருந்தவர். சாதாரா பக்கத்துக்காரர். வெள்ளைத் தொப்பி, காக்கி அரைக்கால் சட்டை. சனிக்கிழமை சாயங்காலம் ஷெட் வாசற்படியில் வந்து உட்காருவார். சாரும் போர்டை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்காருவார். இருவரும் டீயைச் சாஸரில் ஊற்றிக் குடித்தபடி தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். எந்த மாடியில் தேங்குகிறது, எந்தச் சுவரில் ஊறுகிறது என்று மணிக்கணக்கில் பேச்சு நடக்கும். தண்ணீரைப் பற்றித் தனக்குக் காலேஜ் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, தத்தோபாதான் சொல்லிக்கொடுத்தார் என்று சார் யாரிடமும் சொல்வார். எனக்குப் பொறாமையாக இருக்கும். ஏழு வருஷம் வேலை பார்த்தும் சார் என் பக்கத்தில் அப்படி உட்கார்ந்ததில்லை.

தத்தோபா வயது வந்த பிறகு எழுத்துக் கற்றுக்கொண்டவர். அவர் கையெழுத்தில் ஒவ்வொரு எழுத்தும் மராட்டி எழுத்தின் மேல்கோட்டிலிருந்து, கொடியில் காயப்போட்ட துணி மாதிரி தனித்தனியாகத் தொங்கும்.

4. என் டீட்டெயில்

ஹாஸ்டல் ஒரு கல்வி டிரஸ்டுக்காகக் கட்டியது. நாலு மாடி. முகப்பில் எட்டு வட்டத் தூண், தரையிலிருந்து மொட்டைமாடி வரை ஒரே வீச்சில் போகும். அந்த முகப்பில் வேறு எதுவுமே தெரியக்கூடாது என்று சார் ஆசைப்பட்டார். மழைத்தண்ணீர்க் குழாய்தான் தொந்தரவு. தூணுக்குப் பின்னால் ஒரு பள்ளம் விட்டுக் குழாயை அதில் இறக்கலாம் என்று வரைந்து வைத்திருந்தார். அவருக்கே அது திருப்தியில்லை, தினம் அந்த ஷீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார்.

நான் வீட்டில் உட்கார்ந்து ஒரு டீட்டெயில், அதாவது அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் டிராயிங், போட்டேன். தூணின் நடுவில் நாலு இஞ்ச் வார்ப்பிரும்புக் குழாய், அதைச் சுற்றிக் கம்பி, அதைச் சுற்றிக் கான்கிரீட். குழாய் இருப்பதே வெளியில் தெரியாது. ஸ்ட்ரக்சுரல் கன்சல்டண்ட் கணக்குப் பார்த்து, பாரம் தாங்கும் என்று சொல்லிவிட்டார். சார் அந்த ஷீட்டை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “மணி, இதுதான் சுத்தம்” என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தை என்னை என்ன செய்தது என்று பெரிய படிப்புப் படித்தவர்களுக்குச் சொன்னால் புரியாது. அந்த ஆபீஸில் நான் ஒருவன்தான் டிப்ளமா. அந்த வருஷம் ஒருவரைச் சாருக்கு அடுத்தபடியாக அசோசியேட் ஆக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. அந்த ஷீட்டோடு என் பெயரும் மேலே போகும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

“தத்தோபா என்ன சொல்றார்னு கேட்டுக்கோ” என்று சொல்லிவிட்டு, ஒரு காலேஜுக்குத் தேர்வாளராக ஒரு வாரம் அகமதாபாத் போய்விட்டார் சார்.

5. நஹி

சைட் ஷெட்டில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஷீட்டை விரித்தேன். மறுநாள் காலை முதல் தூணுக்குக் கான்கிரீட் போடுவதாக இருந்தது. தத்தோபா பாக்ரி ரொட்டி தின்ற கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். நான் விளக்கினேன். பிறகு குழாயின் மேல் விரலை வைத்து, ஜாயிண்ட் எத்தனை என்று கேட்டார். மாடிக்கு இரண்டு என்றேன்.

“எட்டு ஜாயிண்ட்டும் கான்கிரீட் வயித்துக்குள்ள. ஒண்ணு ஒழுகுனா உங்களுக்கு எப்படித் தெரியும்? தூண் சொல்லும்போதுதான் தெரியும். மாடியில மரத்து இலை விழும், அடைச்சுக்கும், நான் எங்கேயிருந்து கம்பி விடுறது? குழாய்க்கு ஆயுசு கம்மி சாஹேப், தூணுக்கு ஜாஸ்தி. ரெண்டையும் சேத்துக் கட்டாதீங்க. நஹி.”

இவ்வளவுதான் சொன்னார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து எழுதப்போனார். எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு, இப்போது எழுத வேண்டாம், ராத்திரி அகமதாபாத்துக்கு டிரங்க் கால் போட்டுச் சாரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவரும் நம்பிச் சரி என்றார்.

நான் டிரங்க் கால் போடவில்லை. போட்டால் சார் என்ன சொல்வார் என்று தெரியும். “தத்தோபா வேண்டாம்னா வேண்டாம், பள்ளத்துலயே இறக்கு” என்பார். ‘இதுதான் சுத்தம்’ என்ற வார்த்தை அதோடு போய்விடும். அக்கா வீட்டுக் கூடத்தில் ஷீட்டை விரித்தேன். தத்தோபா கையெழுத்துப் போட்ட பழைய பிரிண்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஹோகார் கட்டத்தில் ‘ஹோ’ என்று எழுதினேன். கீழே தத்தோபா என்று, எழுத்து எழுத்தாகத் தொங்கவிட்டேன். நன்றாக வந்தது. அவர் தடுமாறுகிற இடத்தில் என் பென்சிலும் தடுமாறியது. இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது: எழுதி முடித்ததும், எவ்வளவு சரியாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் ரசித்தேன்.

மறுநாள் காலை சைட்டுக்குப் போய், சார் செய்யச் சொல்லிவிட்டார் என்று சொன்னேன்.

“நான் நஹி சொன்னதைச் சொன்னீங்களா?” என்று கேட்டார் தத்தோபா.

“சொன்னேன்.”

“சொல்லியும் செய்யச் சொன்னாரா?”

“ஆமா.”

தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு கருவிப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். எட்டுத் தூணிலும் ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் அவரே காய்ச்சிய ஈயம் ஊற்றி அடைத்தார், உதவியாளர்களைத் தொடவிடவில்லை. பிடிக்காத வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்கிற ஆளை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. இந்த முப்பத்தைந்து வருஷம் அந்தத் தூண்கள் நின்றது அந்தக் கையால்தான்.

6. இரண்டு பேருக்கு நடுவில்

சார் திரும்பி வந்ததும் முதலில் பார்த்தது அந்தக் கட்டத்தைத்தான். “தத்தோபாவே ஒத்துக்கிட்டாரா? அப்போ எனக்குக் கவலையில்லை” என்றார். சைட்டுக்குப் போனபோது தத்தோபாவின் தோளில் கை வைத்து, கஷ்டமான வேலை, நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். தத்தோபா தலையை நிமிர்த்தாமல், “வேலைன்னா செய்யணுமே சாஹேப்” என்றார். நான் இருவருக்கும் நடுவில், கையில் டேப்போடு நின்றேன். அவர்களில் ஒருவர் இன்னும் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் என் குட்டு வெளிப்பட்டிருக்கும். பேசவில்லை. தத்தோபா ஒரு தடவை சொன்னதைத் திருப்பிச் சொல்லும் ஆளில்லை. சாருக்கு, கட்டத்தில் கையெழுத்து இருந்தால் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

ஹாஸ்டல் வேலை முடிந்த பிறகு தத்தோபா சனிக்கிழமை வருவதை நிறுத்திவிட்டார். கூப்பிட்டனுப்பினால் கை ஒழியவில்லை என்று பதில் வரும். சார் சில வாரம் வாசற்படியில் தனியாக உட்கார்ந்து டீ குடித்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, “தத்தோபாவுக்கு என் மேல என்ன கோபம் மணி? நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?” என்று கேட்டார். பிம்ப்ரி பக்கம் ஒரு பாக்டரியில் அவருக்குப் பெரிய காண்டிராக்ட் கிடைத்திருக்கிறதாம் என்று சொன்னேன். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பது இதுதான். “நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போர்டுக்குப் போனார்.

அதற்கடுத்த வருஷம் நான் அசோசியேட் ஆனேன். அக்கா வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஹாஸ்டல் படம் பத்திரிகைகளில் வந்தது. வருகிற மாணவர்கள் எல்லாம் அந்தத் தூண்களைத் தடவிப் பார்த்துவிட்டு, தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று கேட்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பற்றிச் சொல்வார்கள். நான் நாலு மாடிக் குழாயையே கான்கிரீட்டில் மறைத்தவன்.

7. கட்டம் காணாமல் போனது

பிறகு ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. டிராயிங்கின் கீழ்மூலைக் கட்டங்களை ஒரு தடவை கம்ப்யூட்டரில் போட்டு வைத்துவிட்டால், எல்லா ஷீட்டுக்கும் அதுவே தானாக வரும். அந்த வேலை என்னிடம் வந்தது. வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர் என்று மூன்று கட்டம் போட்டேன். நாலாவதைப் போடவில்லை.

யாரும் என்னைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா வீட்டுக் கூடமும் என் பென்சிலும் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான் காரணம். இனி ஈமெயிலில் டிராயிங் போகும், சைட்டில் கையெழுத்து வாங்கி அனுப்ப முடியாது என்று சாரிடம் ஏதோ சொன்னேன். அவருக்கு அப்போது கண் சரியில்லை. காலம் மாறுகிறது என்று விட்டுவிட்டார். இன்றைக்கும் ஆபீஸ் சரித்திரம் பேசுகிறவர்கள், அந்த அருமையான வழக்கத்தைக் கம்ப்யூட்டர் கொன்றுவிட்டது என்று வருத்தப்படுவார்கள். நானும் கூடச் சேர்ந்து தலையாட்டியிருக்கிறேன்.

சார் காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. தத்தோபா சாவுக்கு வரவில்லை. மயானத்தில் என் கண் அவரைத் தேடியது. வந்துவிடுவாரோ என்று பயந்துதான் தேடினேன்.

8. மீட்டிங்

இப்போது ஜூலைக்கு வருகிறேன். ஹாஸ்டலுக்குப் போய்ப் பார்த்தேன். தூண் நெடுக்காகப் பிளந்திருந்தது. துருப்பிடித்த கம்பி ஊதிக் கான்கிரீட்டைத் தள்ளியிருந்தது. ஓட்டை வழியாகக் குழாய் தெரிந்தது. முட்டுக் கொடுத்திருந்தார்கள். பெண்கள் பெட்டியும் பக்கெட்டுமாகக் கேட்டில் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். நான் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனேன்.

மூன்று நாள் கழித்து ஆபீஸில் மீட்டிங். டிரஸ்ட் ஆட்கள், கட்டடத்தைச் சோதித்த என்ஜினியர், மிருணாள், நான். குழாய் வேலைக்காக சந்தோஷும் வந்திருந்தான். தத்தோபாவின் மகன். அவனும் பிளம்பிங் காண்டிராக்டர், மிருணாளே தேடிக் கண்டுபிடித்துக் கூப்பிட்டிருந்தாள். மேஜை மேல் அந்தப் பழைய ஷீட்டை விரித்தார்கள்.

டிரஸ்ட் செக்ரட்டரி, இப்படி ஒரு குழாயை உள்ளே வைக்க யார் ஒத்துக்கொண்டார்கள் என்று கேட்டார். மிருணாள் ஹோகார் வழக்கத்தை விளக்கினாள். கட்டத்தைக் காட்டி, அப்பா யாரையும் கேட்காமல் செய்கிறவர் இல்லை, பிளம்பரும் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார், அந்தக் காலத்தில் இருந்த அறிவு அவ்வளவுதான், யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அறிக்கையிலும் அப்படியே எழுதப்போவதாகச் சொன்னாள்.

சந்தோஷ் எழுந்து வந்து ஷீட்டைக் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“எங்கப்பா இத்தனை வருஷமா வீட்டுல சொல்லிக்கிட்டிருக்காரு. இந்த வேலைக்கு நான் நஹின்னேன், லிமயே சாஹேப் கேக்கலைன்னு” என்றான். “இப்போ பார்த்தா ஹோன்னு போட்டிருக்காரு.” பிறகு எல்லோரையும் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். “வயசாயிடுச்சு இல்லையா, மாத்தி ஞாபகம் வெச்சிருக்காரு போல.”

நான் பேச வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். மீட்டிங் முடிந்தது.

வீட்டில் எட்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி ராஜி பிபி மாத்திரையை மாற்ற வேண்டும் என்று பாணேரில் டாக்டர் டாக்டராக அழைத்துப் போனாள். கடைசியில் அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. “இத்தனை வருஷமா ஒரு மனுஷன் பொண்டாட்டி பிள்ளைகிட்ட உண்மையைச் சொல்லிக்கிட்டிருந்திருக்காரு. இப்போ உங்களால பொய்யராயிட்டாரு. இன்னும் இங்க உக்காந்திருக்கீங்களே” என்றாள்.

மிருணாளிடம் போனேன். சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. “ஆஸ்பத்திரியில கடைசி வாரம்கூட அப்பா தத்தோபாவைப் பத்திக் கேட்டாரு காகா. நீங்கதான் பக்கத்துல உக்காந்திருந்தீங்க” என்றாள். ஆமாம், நான்தான் உட்கார்ந்திருந்தேன். அறிக்கையைத் திருத்தி அன்றைக்கே டிரஸ்டுக்கு அனுப்பிவிட்டாள். ஆபீஸின் ஐம்பது வருஷச் சரித்திரத்தை நான் பேசுவதாக ஒரு ஏற்பாடு இருந்தது, அதையும் ரத்து செய்துவிட்டாள். என்னிடம் சொன்னது கணக்கில் சேராது, அவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்று அட்ரஸ் எழுதிக் கொடுத்தாள்.

9. வார்ஜேயில் ஒரு காலை

மிருணாள் கொடுத்த அட்ரஸ் வார்ஜேயில் மூன்றாவது மாடி. சந்தோஷ்தான் கதவைத் திறந்தான். தத்தோபாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காது நன்றாகக் கேட்கிறது, கண்தான் மங்கல். என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். “மணி சாஹேப்” என்று கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, மருமகளிடம் டீ போடச் சொன்னார்.

டீ வருவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். சந்தோஷையும் உட்காரச் சொன்னேன். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பையன் மாதிரி வரிசையாகச் சொன்னேன். டிரங்க் கால் போடவில்லை. கையெழுத்தைப் போட்டது நான். சார் செய்யச் சொன்னதாகச் சொன்னதும் பொய். உங்கள் அப்பா நஹி என்றுதான் சொன்னார், அவர் ஞாபகத்தில் ஒரு பிசகும் இல்லை என்று சந்தோஷைப் பார்த்துச் சொன்னேன். அவன் முகம் மாறியது. எழுந்து போய் அப்பாவின் கால்மாட்டில் நின்றுகொண்டான்.

தத்தோபாவுக்கு முதலில் கையெழுத்து விஷயம் வேடிக்கையாக இருந்தது. “என் கையெழுத்து எனக்கே ஒழுங்கா வராதே, நீங்க எப்படிப் போட்டீங்க?” என்றார். தூண் பிளந்ததைக் கேட்டும் கோபப்படவில்லை. எந்த மாடி என்று விசாரித்தார். இரண்டாவது என்றேன். அந்த ஜாயிண்ட் போடும்போது மழை வந்துவிட்டது என்று சந்தோஷிடம் சொன்னார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மனிதர் மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அவருக்கு மற்றது போய்ச் சேர்ந்தது.

“அப்போ, லிமயே சாஹேப் செய்யச் சொல்லலையா?”

“இல்லை. நீங்க நஹி சொன்னதே அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.”

“நான் ஒத்துக்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டா இருந்தாரு?”

“ஆமா. நீங்க ஏன் வர்றதில்லைன்னு என்கிட்ட எத்தனையோ தடவை கேட்டார்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டீ வந்தது. சந்தோஷ் “பாபா” என்று கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு அவர் திரும்பாமலேயே பேசினார்.

“அவர் போனப்போ ஆள் அனுப்புனாங்க. சட்டைகூட மாட்டிட்டேன். பேச்சு மாறுன மனுஷன் முகத்தை எதுக்குப் பாக்கணும்னு கழட்டி வெச்சுட்டேன்.” என் பக்கம் திரும்பினார். “இதை நான் இப்போ யார்கிட்ட போய்ச் சொல்றது, மணி சாஹேப்?”

கீழே இறங்கி வந்து ரிக்ஷா பிடிக்க நின்றபோது, அவ்வளவு நடமாட்டத்திலும் வாய்விட்டு அழுதேன்.

ஹாஸ்டலில் இப்போது தூண்களைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் போடுகிறார்கள். குழாய் வெளியில் இறங்குகிறது. வேலையைச் சந்தோஷ் செய்கிறான். தூணைச் சரிசெய்ய முடிகிறது.

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான், அதையும் வேலையை விட்டு வந்த பிறகே கற்றுக்கொண்டேன். சைட்டில் ஒருவர் முடியாது என்று சொன்னால், நீங்கள் ஒத்துக்கொள்ளலாம், சண்டை போடலாம், அது உங்கள் இஷ்டம். ஆனால் அந்த வார்த்தையை யாருக்காக உங்களிடம் கொடுத்தாரோ அவரிடம் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். நான் கொடுக்கவில்லை. வாங்கிக்கொள்ள வேண்டியவர் இப்போது இல்லை.